அம்மாக்களின் குருதியை இப்போதே எடுத்து வையுங்கள்

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்துப் புதைகுழியில் 2025ஆம் ஆண்டு வெளிவந்த மனித என்புத் தொகுதிகள் 200ஐத் தாண்டிவிட்டன. குழந்தைகளின் எலும்புகளும் அவற்றில் உண்டு. ஒரு சிறு உடலோடு நீலநிறப் புத்தகப்பையும் விளையாட்டுப் பொம்மையும் கிடைத்தன. ஓகஸ்ட் 5ஆம் திகதி, நீதிமன்ற உத்தரவின்படி, புதைகுழியில் எடுத்த பொருள்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். யாராவது அடையாளம் காட்டினால் விசாரணைக்கு உதவும் என்பது நோக்கம். அதில் பிழையில்லை. ஆனால் ஏறக்குறைய முப்பது வருடம் மண்ணுக்குள் கிடந்த ஒரு செருப்பையும் சட்டைத் துண்டையும் பார்த்து ஒரு தாய் எதை உறுதியாகச் சொல்ல முடியும்? அப்படியான சட்டையை அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆயிரம் பேர் போட்டிருப்பார்கள்.

எலும்புக்குப் பெயர் சொல்லக்கூடிய சாட்சி வேறிடத்தில் இருக்கிறது. அது அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களின், கூடப் பிறந்தவர்களின் உடம்பில் இருக்கிறது. அந்தச் சாட்சி இப்போது ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருக்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு இருக்கத் தொடங்கிய தாய் தகப்பன்மாரை நினைத்துப் பாருங்கள். அதன்பிறகு வடக்கு கிழக்கெங்கும் அந்தப் போராட்டத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். அவர்களில் பெரும்பாலானோரிடமிருந்து ஒரு சொட்டுக் குருதிகூட எவரும் எடுத்து வைக்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். குடும்பங்களின் மரபணு மாதிரிகளைச் சேகரிக்கும் வேலையை இப்போதே தொடங்குங்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் முதலில் போங்கள். புதைகுழி வழக்குகள் முடியட்டும், எந்த ஆய்வுகூடம் என்று முடிவாகட்டும், நிதி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மாதிரியை எடுத்து வைப்பது ஒரு வேலை, அதைப் பரிசோதிப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்குத்தான் பெரிய ஆய்வுகூடமும் பெரிய பணமும் தேவை. முதலாவதற்கு விரல் நுனியில் குத்த ஓர் ஊசி, குருதியை உறிஞ்சி உலரவைக்கும் விசேட அட்டை, ஓர் இலக்கம், பூட்டிவைக்க ஈரமில்லாத இடம், இவ்வளவும் போதும். உலர்ந்த அட்டையில் மரபணு பல வருடங்கள் கெடாமல் இருக்கும். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள் என்பதால் இதைத் திடமாகச் சொல்கிறேன்.

எடுத்து வைத்த மாதிரி என்ன செய்யும் என்பதற்குக் கலிபோர்னியாவில் ஒரு வழக்கு இருக்கிறது. 1970களிலும் 80களிலும் அங்கே ஒருவன் குறைந்தது 13 கொலைகளையும் பல டசின் பாலியல் வல்லுறவுகளையும் செய்தான். அவன் யாரென்று பொலிஸாருக்குத் தெரியவில்லை. 1980இல் வெஞ்சுரா மாவட்டத்தில் அவன் செய்த கொலையில் எடுத்த தடய மாதிரி மட்டும் பத்திரமாக இருந்தது. எடுத்து வைத்த காலத்தில் அதை வைத்து எதுவும் செய்ய வழியில்லை. மரபணு ஒப்பீட்டு முறையையே 1984இல்தான் இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்தார். ஏறக்குறைய 38 வருடங்கள் கழித்து அந்த மாதிரியின் மரபணு விபரத்தை ஜெட்மேட்ச் என்ற தளத்தில் ஏற்றினார்கள். தங்கள் வம்சாவளியைத் தேடும் சாதாரண மக்கள் விபரங்களைப் பகிர்ந்துகொள்ளும் இடம் அது. அங்கே குற்றவாளி அகப்படவில்லை, அவனுடைய தூரத்துச் சொந்தக்காரர்கள் சிலர் அகப்பட்டார்கள். கொள்ளுப்பாட்டனுக்கும் மேலே போய்ச் சந்திக்கிற உறவு. அங்கிருந்து 19ஆம் நூற்றாண்டுக் குடும்பங்களின் கிளைகளைக் கீழ்நோக்கி எழுதிக்கொண்டு வந்து, வயதையும் இருந்த இடத்தையும் வைத்து ஆட்களைக் கழித்துக் கழித்து, கடைசியில் ஒருவனிடம் வந்து நின்றார்கள். அவனுடைய காரின் கதவுப் பிடியிலும் அவன் எறிந்த கடதாசியிலும் எடுத்த மரபணு பொருந்தியது. 2018 ஏப்ரலில் கைதானான், 2020இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றான். ஜோசப் ஜேம்ஸ் டிஏஞ்சலோ என்ற அந்த மனிதன் ஒரு முன்னாள் பொலிஸ்காரன். சீருடை போட்டவர்கள் செய்த குற்றம் என்றால் காலம் போகப் போகக் கரைந்துவிடும் என்று நம்மில் பலர் நம்பி ஓய்ந்துபோயிருக்கிறோம். இவனுடைய குற்றம் கரையாததற்குக் காரணம், அந்த மாதிரியை வெஞ்சுராவில் யாரோ ஒருவர் தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான்.

இந்தத் தூரத்து உறவு முறையை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்தால் போதுமே என்று சிலர் சொல்கிறார்கள். பெற்றோர் செத்தாலென்ன, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்களை வைத்துப் பிடித்துவிடலாமே என்கிறார்கள். அது அவ்வளவு லேசானதில்லை. நம் ஊர்களில் மச்சானும் மச்சாளும் கட்டுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஒரே ஊருக்குள், ஒரே சாதிக்குள் திரும்பத் திரும்பச் சம்பந்தம் செய்த குடும்பங்கள் நாங்கள். என் அம்மாவின் ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு மூன்று வழியில் உறவுமுறை சொல்வார்கள். இப்படியான சமூகத்தில் மரபணு ஒப்பீடு தூரத்துச் சொந்தத்தையும் கிட்டத்துச் சொந்தம்போலக் காட்டும். பல கிளைகளாலும் சிறிது சிறிதாக வந்த பொதுப் பங்கு ஒன்றாகக் கூடி, மூன்றாம் தலைமுறை உறவு ஒன்று நேர் மச்சான்போல நிற்கும். இதைக் கவனிக்காமல் போனால் ஒரு வீட்டுப் பிள்ளையின் எலும்பை அடுத்த வீட்டாரிடம் கொடுத்துவிடுவோம். அதனால் நமக்குத் தாயும் தகப்பனும் சகோதரங்களும்தான் முதல். தூரத்து உறவு, அவர்கள் எவருமே இல்லாதபோது நாடவேண்டிய கடைசி வழி. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே எடுங்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகவும்தான்.

ஒருவரின் மாதிரி மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான எலும்புத் தொகுதிகள், மறுபக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். இவ்வளவு ஒப்பீடு செய்யும்போது ஒரேயொரு சகோதரனின் மாதிரியை நம்பினால் தற்செயலாகப் பொருந்துகிற பொய்ப் பொருத்தங்கள் வந்துவிடும். தாயும் தகப்பனும் இருந்தால் சந்தேகத்துக்கு இடம் மிகக் குறைவு. ஒருவர் இல்லையென்றால் இரண்டு மூன்று சகோதரங்கள் வேண்டும்.

பொஸ்னியாவில் இதைத்தான் செய்தார்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் ஏறக்குறைய 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் சில மாதங்கள் கழித்துக் கனரக இயந்திரங்களோடு வந்து புதைகுழிகளைக் கிண்டி, உடல்களை அள்ளி வேறு குழிகளில் கொட்டினார்கள். ஒரே மனிதனின் எலும்புகள் பல கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு மூன்று குழிகளில் கிடந்தன. உடுப்பையும் அடையாள அட்டையையும் வைத்து அடையாளம் காண முயன்றபோது மிகச் சிலரையே காண முடிந்தது. 1996இல் உருவான காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு அப்புறம் வழியை மாற்றியது. எலும்பிலிருந்து தொடங்காமல் குடும்பங்களிடம் போனது. வீடு வீடாக, அகதிகளாகப் போன நாடுகளுக்கெல்லாம் போய் விரல் நுனிக் குருதி எடுத்தது. முன்னாள் யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஏறக்குறைய ஒரு இலட்சம் உறவினர்களின் மாதிரிகள் சேர்ந்தன. 2001 நவம்பரில் முதல் பொருத்தம் கிடைத்தது, 15 வயதுச் சிறுவன் ஒருவன். இன்று ஸ்ரெப்ரெனிட்சாவின் 8,000 பேரில் ஏறக்குறைய 7,000 பேருக்குப் பெயர் உண்டு. அந்தப் பொருத்தங்கள் ஹேக்கில் இருந்த சர்வதேசப் போர்க்குற்ற நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் நின்றன.

ஆர்ஜென்டினாவை நான் இன்னொரு காரணத்துக்காக நினைவூட்டுகிறேன். 1976 முதல் 1983 வரையான இராணுவ ஆட்சியில் கொண்டுபோகப்பட்ட கர்ப்பிணிகள் சிறையில் பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாய்மாரைக் கொன்றார்கள். பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார், பெற்றோர் இல்லாமல் பாட்டியின் குருதியை மட்டும் வைத்து ஒரு பிள்ளை யாருடையது என்று சொல்ல முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் கேட்டார்கள். மேரி-கிளேயர் கிங் என்ற அமெரிக்க மரபியலாளர் முடியும் என்று செய்துகாட்டினார். தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்குப் போகிற மரபணு ஒன்று நம் உயிரணுக்களில் உண்டு. பாட்டி, அவளின் மகள், மகளின் பிள்ளை எல்லோரிடமும் அது அநேகமாக மாறாமல் இருக்கும். 1987இல் அந்த நாடு சட்டம் போட்டுத் தேசிய மரபணு வங்கி அமைத்தது. பாட்டிமார் பலர் பேரப்பிள்ளையைக் காணாமலே செத்தார்கள், ஆனால் அவர்களின் குருதி வங்கியில் இருந்தது. அவர்கள் செத்த பிறகும் பேரப்பிள்ளைகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். இதுவரை கண்டுபிடிக்கப்பட்டவர்கள் மொத்தம் 130க்கும் மேல். 2009 மே மாதம் கைக்குழந்தைகளோடு சரணடைந்த குடும்பங்களைப் பற்றி உங்கள் அலுவலகத்துக்கே முறைப்பாடுகள் வந்திருக்கின்றன. அந்தக் குழந்தைகளில் ஒருவராவது எங்கோ உயிரோடு வளர்ந்திருந்தால், அவர் ஒருநாள் தன்னைத் தேடி வரும்போது பொருத்திப் பார்க்க இங்கே ஏதாவது இருக்கவேண்டும்.

இனி, குடும்பங்களின் பயம். இதைத்தான் நீங்கள் மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாகக் கேட்கவேண்டும். என் பெரியம்மாவின் மகன் 1996இல் யாழ்ப்பாணத்தில் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டவர். குருதி மாதிரி பற்றி நான் தொலைபேசியில் சொன்னதும் பெரியம்மா உடனே மறுத்துவிட்டார். "ரத்தம் குடுத்தால் பிள்ளை செத்துப்போனான் எண்டு எழுதிப்போடுவாங்கள் பிள்ளை." அவருக்கு மரணச் சான்றிதழ் வேண்டாம். நட்டஈட்டுப் பணமும் வேண்டாம். மாதிரி கொடுப்பது பிள்ளை இறந்துவிட்டதை ஒப்புக்கொள்வதாக ஆகாது என்பதை வாய்ச் சொல்லாக இல்லாமல், கையெழுத்துப் போட்ட கடதாசியில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள். எப்போது வேண்டுமானாலும் மாதிரியைத் திருப்பிக் கேட்டு அழிக்கச் சொல்லும் உரிமையும் அதில் இருக்கட்டும்.

இரண்டாவது பயம், யாரிடம் கொடுக்கிறோம் என்பது. 1998இல், மாணவி ஒருவரின் கொலைக்காக மரண தண்டனை பெற்ற இராணுவத்தினர் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் 15 என்புத் தொகுதிகள் எடுக்கப்பட்டன. பிறகு 26 வருடம் அந்த மண்ணை எவரும் தொடவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்த தாய், அரச திணைக்களம் ஒன்றின் கையில் தன் குடும்பம் முழுவதன் மரபணுவையும் கொடுப்பாளா? ஒருவர் கொடுக்கும் மாதிரி அவரின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காட்டிக்கொடுக்கக்கூடியது. ஆகவே மாதிரிகள் பொலிஸாருக்கோ பாதுகாப்பு அமைச்சுக்கோ எந்த வழியிலும் போகாது, வேறெந்த விசாரணைக்கும் பயன்படாது என்று சட்டமே சொல்லவேண்டும். அந்தச் சட்டம் வரும்வரை அட்டைகளை முத்திரையிட்டு, நாட்டுக்கு வெளியே சுயாதீன அமைப்பு ஒன்றிடம் ஒப்படையுங்கள். பொஸ்னியாவில் வேலை செய்த ஆணைக்குழுவையே கேட்கலாம். தனியார் கம்பனிகள் வேண்டவே வேண்டாம். டிஏஞ்சலோவைப் பிடித்த ஜெட்மேட்ச் அடுத்த வருடமே விதியை மாற்றி, சம்மதம் சொன்னவர்களின் விபரத்தை மட்டும் பொலிஸார் தேடலாம் என்றது. அதே வருடம் அந்தத் தளமே வேறொரு கம்பனிக்குக் கைமாறியது. வம்சாவளி பார்க்க மரபணுப் பரிசோதனை செய்யும் ட்வென்டி த்ரீ அண்ட் மீ கம்பனி 2025 மார்ச்சில் வங்குரோத்து மனு கொடுத்தபோது, கோடிக்கு மேற்பட்டவர்களின் மரபணு விபரம் யார் கைக்குப் போகும் என்று அமெரிக்காவே பதறியது.

தெற்கின் தாய்மாரையும் விட்டுவிடாதீர்கள். 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. 1987 முதல் 1989 வரை பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மார் அந்தக் குழியருகே வந்து நின்றார்கள். அந்த எலும்புகளுக்கும் இன்றுவரை பெயர்கள் கிடைக்கவில்லை. திருக்கேதீஸ்வரம், மன்னார் சதொச, கொக்குத்தொடுவாய் என்று இந்தப் புதைகுழிப் பட்டியல் நீளும். மன்னாரில் ஆறு எலும்பு மாதிரிகள் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டு, 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று 2019இல் அறிக்கை வந்தது. குடும்பங்கள் அதை நம்பவில்லை. அன்றைக்குக் குடும்ப மாதிரிகள் கையில் இருந்திருந்தால் 300க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகளையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழியாவது இருந்திருக்கும்.

எலும்புகளும் பொறுத்துக்கொண்டிராது. நம் வெக்கையும் மாரி மழையும் மரபணுவைச் சிதைக்கும். தோண்டி எடுத்த பிறகு வைக்கிற அறை சரியில்லை என்றால் இன்னும் வேகமாகச் சிதையும். தொடை எலும்பு, பல், உட்காதைச் சுற்றி இருக்கிற கடினமான எலும்பு, இவற்றில்தான் கடைசிவரை ஏதாவது மிஞ்சும். அவற்றையாவது குளிரில், உலர்வாக, இலக்கமிட்டுத் தனியாக வைக்கும்படி நீதவான் நீதிமன்றத்திடம் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் புதைகுழி அகழ்வுகளில் பார்வையாளராக நிற்கும் இடத்தை உங்களுக்குத் தந்திருக்கிறது.

என் பெரியம்மா இந்த மாதம் மனம் மாறியிருக்கிறார். அதே கடதாசியைத் தந்தால் கொடுக்கிறேன் என்கிறார். ஊரில் தனியே இருக்கிறார், யாழ்ப்பாணம் வந்துபோகும் உடல்நிலை இல்லை, ஆள் வீட்டுக்குப் போகவேண்டும். நான் அவரின் தங்கையின் மகள். அந்தத் தாய்வழி மரபணு என்னிடமும் இருக்கிறது, என் சகோதரிகள் இரண்டு பேரிடமும் இருக்கிறது. எங்களைப்போல ரொறொன்ரோவில், லண்டனில், பாரிஸில், சூரிச்சில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. ஸ்காபரோவில் மண்டபமும் தாதிமாரும் மொழிபெயர்ப்பாளர்களும் ஒழுங்கு செய்ய எங்களால் முடியும். மாதிரியை எந்த வகை அட்டையில் எடுப்பது, யாருக்கு அனுப்புவது, எந்தச் சம்மதப் படிவம் என்று மட்டும் எழுத்தில் அறியத்தாருங்கள்.

இப்படிக்கு,
1996இல் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தங்கை முறையானவள்,
ஸ்காபரோ, கனடா