பின் டயருக்கு எவ்வளவு காற்று என்று உங்கள் கம்பெனியில் ஒருவருக்காவது தெரியுமா?

அனுப்புநர்: நாமக்கல்லில் இருந்து உங்கள் வாடிக்கையாளர்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர், தலைமை அலுவலகம்
பொருள்: தவறான காற்றழுத்தம் வைத்து டயரைக் கெடுத்தது, வாரண்டி மறுத்தது, வாடிக்கையாளரை அவமதித்தது தொடர்பாக

ஐயா,

வணக்கம். சர்வீஸ் சென்டரிலும் கஸ்டமர் கேரிலும் கேட்டு ஓய்ந்துபோய்த்தான் நேராக உங்களுக்கு எழுதுகிறேன். என் கேள்வி மிகச் சின்னது. உங்கள் ஸ்போர்ட்ஸ் பைக்கில் நீங்களே போட்டுக் கொடுத்த முன் 110/70, பின் 150/60 அளவு டயர்களுக்கு எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று வைக்க வேண்டும்? பைக்கைச் செய்தது நீங்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

செயின் கவர் ஸ்டிக்கரில் முன்னால் 29, பின்னால் 33 என்று இருக்கிறது. கையேட்டில் தனியாக ஓட்டினால் இரண்டு டயருக்கும் 200 கிலோபாஸ்கல், பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு மட்டும் 225 என்று இருக்கிறது. 200 என்றால் 29 பி.எஸ்.ஐ., 225 என்றால் ஏறத்தாழ 33. அப்படியானால் ஸ்டிக்கரில் இருப்பது இரண்டு பேருக்கான கணக்கா? அதை ஒரு வரியில் அங்கேயே எழுதினால் என்ன? சரி, இதுகூடப் பரவாயில்லை. நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

சேலத்தில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டரில் இந்த இரண்டையுமே யாரும் பார்ப்பதில்லை. முதல் சர்வீஸ் முடிந்து வண்டியைத் தரும்போது முன்னால் 36, பின்னால் 42 வைத்திருந்தார்கள். சர்வீஸ் விவரம் எழுதும் ஜாப் கார்டிலும் அப்படியே எழுதியிருக்கிறார்கள், நகல் இணைத்திருக்கிறேன். 120/70, 180/55 போன்ற பெரிய டயர் போட்ட 600 சிசி, 1000 சிசி வண்டிகளுக்குப் பல கம்பெனிகள் சொல்லும் அளவு அது. என் வண்டி அந்த வகை இல்லை, எடையும் அவ்வளவு இல்லை. கேட்டதற்கு, "ஸ்போர்ட்ஸ் பைக்னா இதுதான் சார்" என்றார்கள். நைட்ரஜன் அடித்ததாகத் தனியாகப் பணமும் வாங்கினார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எதை அடித்தாலும் அளவு தப்பினால் தப்புதானே.

அந்தக் காற்றோடுதான் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் கொல்லிமலை ஏறினேன். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். காற்று அதிகமானால் டயர் தரையைத் தொடும் பரப்பு சுருங்கிவிடும், பிடிப்பு குறையும் என்பது உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூறலில் நனைந்திருந்த ஒரு வளைவில் பின் சக்கரம் வழுக்கியது. எப்படியோ விழாமல் நிறுத்தினேன். அன்று விழுந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இதைப் பற்றிக் கேட்கத்தான் மறுபடி சேலம் போனேன். அங்கே சர்வீஸ் மேனேஜர் பேசிய பேச்சை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. கவுன்டரில் மற்ற வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "காத்துக்கெல்லாம் கம்ப்ளெயின்ட் பண்ண வந்துட்டியா? ரேஸ் ஓட்டணும்னா இருங்காட்டுக்கோட்டைக்குப் போ" என்றார். ஒருமையில்! என் வயதில் பாதி இருப்பார். ஐயா, ரேஸ் டிராக்கிலே ஓட்டுகிறவர்கள்கூட டயர் சூடேறி அழுத்தம் கூடும் என்பதால் குளிர்ந்த டயரில் காற்றைக் குறைத்துத்தான் வைப்பார்கள். 42 வைத்தவருக்கு ரேஸைப் பற்றிப் பேச என்ன அருகதை இருக்கிறது?

அவர் வாங்குவது உங்கள் சம்பளம். அவர் என்னிடம் பேசியது நீங்கள் பேசியதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் கஸ்டமர் கேர். "டயர் மேலேயே நம்பர் இருக்கும், அதைப் பாருங்க" என்றார் அந்தப் பெண். பார்த்தேன். 300 கிலோ சுமைக்கு 42 பி.எஸ்.ஐ. என்று இருக்கிறது. அது அந்த டயர் முழுச் சுமை தாங்குவதற்கான அழுத்தம், என் வண்டிக்கு வைக்க வேண்டிய அளவு இல்லை. சர்வீஸ் சென்டரில் 42 எங்கே இருந்து வந்தது என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டயர் கம்பெனியின் கடையில் கேட்டால், வண்டிக் கம்பெனி சொல்வதுதான் அளவு என்கிறார்கள். நீங்கள் டயர் கம்பெனியைக் கேள் என்கிறீர்கள். நான் யாரிடம்தான் போவது?

"டயர் இன்ஜினியர் வருகிறார், சனிக்கிழமை வாங்க" என்று கூப்பிட்டீர்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு மே மாத வெயிலில் போனேன். யாரும் வரவில்லை. அங்கிருந்த பையன், நான் நிறுத்திய கையோடு காற்று அளக்கும் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "பின்னாடி 37 இருக்கு, அதிகம்" என்று காற்றை இறக்கி 33 ஆக்கினான். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த டயர் அது! காலையில் வீட்டில் நான் 33 வைத்துத்தான் கிளம்பினேன். ஓடினால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடும் என்பதால்தானே குளிர்ந்த நிலையில் அளக்கச் சொல்லி உங்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கிறீர்கள்? மறுநாள் காலையில் என் சொந்த கேஜில் பார்த்தால் 29. அதை நம்பி இரண்டு பேர் போயிருந்தால்?

இப்போது பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிட்டது, ஓரத்தில் பட்டன் அப்படியே இருக்கிறது. வளைவில் சாய்த்தால் வண்டி தயங்கித் தயங்கித் திடீரென்று ஒரேயடியாகச் சாய்கிறது. வாரண்டி கேட்டால், "குறைந்த காற்றில் ஓட்டியதால் ஏற்பட்ட தேய்மானம்" என்று எழுதி மறுத்திருக்கிறீர்கள். குறைந்த காற்றில் ஓட்டினால் முதலில் ஓரம்தான் தேயும், நடு தேய்ந்தால் காற்று அதிகம் என்று ஊரில் எந்த பஞ்சர் கடைக்காரரும் சொல்வார். போட்டோவைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா?

இந்த வண்டிக்காகப் பல வருஷம் சேர்த்த பணம் பாழாகிவிட்டது. என் நிம்மதி போனது, தூக்கம் போனது, மனைவி வண்டியில் ஏறவே பயப்படுகிறாள்.

இருந்தாலும் உங்கள் கம்பெனி மேல் இன்னும் மரியாதை வைத்துத்தான் கேட்கிறேன். என் வண்டிக்கான சரியான அளவை, தனியாக ஓட்டும்போது எவ்வளவு, இரண்டு பேர் போகும்போது எவ்வளவு என்று கம்பெனி லெட்டர்பேடில் எழுதித் தாருங்கள். பின் டயரை இலவசமாக மாற்றித் தாருங்கள். அந்த மேனேஜர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். சேலம் சர்வீஸ் சென்டரில் எல்லோரும் பார்க்கும்படி உங்கள் மாடல்களுக்கான காற்றழுத்த அட்டவணையை ஒட்ட வேண்டும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். அதோடு விட மாட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் நாமக்கல்லிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். டயர் விலை, போய்வந்த செலவு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து ஒரு லட்ச ரூபாய் நஷ்டஈடு கேட்பேன். ஜாப் கார்டு, கேஜ் போட்டோ, உங்கள் மறுப்புக் கடிதம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. தயவுசெய்து அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள்.

இந்த முறை தொலைபேசியில் பேச வேண்டாம். பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
நாமக்கல்