கதவு போடவும் அனுமதி வேண்டுமாம்!

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறன்று தங்கள் நாளிதழில் அங்கன்வாடிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். குழந்தையின் முதல் ஆயிரம் நாட்கள், மூளை வளர்ச்சி என்றெல்லாம் அழகாகத்தான் எழுதியிருந்தார்கள். நடுவே ஒரு வரி: ‘ஊர்மக்கள் முன்வராததால் மையங்கள் சோர்ந்து கிடக்கின்றன.’ கட்டுரையாளர் எந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தாரோ!

உலக வங்கிக் கடனுதவியோடு 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் எங்கள் மதுரை மாவட்டத்தில்தான் தொடங்கியது. தங்களுக்குத் தெரியாததல்ல. பிறகு அதில் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட வேண்டும். வாடகை வீட்டு உத்தரத்தில் தராசை மாட்டிப் பிள்ளையைத் தூளியில் உட்காரவைத்தால், அது வீறிட்டு உதைக்கிற உதையில் முள் ஓரிடத்தில் நிற்காது. ‘எடை போட்டால் கண்பட்டுவிடும்’ என்று மாமியார்கள் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போன காலம் அது. அவர்களை வழிக்குக் கொண்டுவந்தது ஜீப்பில் வந்த அதிகாரிகளா? மகளிர் குழுப் பெண்கள், ஐயா. களையெடுத்துவிட்டு வந்த கையோடு வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். எடை ஏறாத பிள்ளைக்குக் கொடுக்கும் சத்துருண்டையை அதன் அண்ணன் பிடுங்கித் தின்றுவிடாதபடி, மையத்திலேயே உட்காரவைத்து ஊட்டி அனுப்பினார்கள். ஒருவருக்கும் ஒரு பைசா கூலி கிடையாது.

அன்று போகட்டும், இன்றைக்கு வருகிறேன். என் பேத்தி போகும் பால்வாடியில் கழிப்பறைக்குக் கதவு இல்லை. மழையில் உளுத்து விழுந்துவிட்டது. பிள்ளைகள் பின்பக்கத்துக் கருவேலம் புதரோரம் ஒதுங்குகின்றன. கோயில் வரிப்பணத்தில் மிஞ்சியதைக் கொண்டு நாங்களே கதவு போடுகிறோம் என்று ஊர்ப் பெரியவர்கள் மனு கொடுத்தார்கள். வந்த பதில்: ‘அரசுக் கட்டடத்தில் வெளியார் கைவைக்கக் கூடாது. மதிப்பீடு தயாராகிறது.’ ஒரு கதவுக்கு என்ன மதிப்பீடோ, இன்னும் தயாராகிக்கொண்டேதான் இருக்கிறது. முன்வந்தால் வெளியார், வராவிட்டால் அக்கறையற்றவர்கள். நாங்கள் எங்கேதான் நிற்பது?

அதே மையத்தில் உதவியாளர் பணியிடம் காலி. பணியாளர் ஒருவரே சோறு வடித்து, முட்டை உரித்து, அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கைபேசிச் செயலியில் கணக்கும் ஏற்றுகிறார். சிக்னல் கிடைக்காவிட்டால் அதற்கும் அவரிடம்தான் விளக்கம் கேட்கிறார்கள். அவர் வாங்குவதைச் சம்பளம் என்று சொல்லக்கூட மனமில்லாமல் காலமெல்லாம் மதிப்பூதியம் என்றே சொல்லிவந்தார்கள். அங்கன்வாடிப் பணியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்பதை 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் கட்டுரையில் இடமில்லை. ஊர்மக்களைக் குறைசொல்ல மட்டும் இடம் இருந்திருக்கிறது. பெரிய பத்திரிகை, தங்களுக்குத் தெரியாததா நான் சொல்லப்போகிறேன்.

மறுப்பெல்லாம் வெளியிட வேண்டாம். ஒரு கதவு, இரண்டு கீல், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். இதை உரியவர்கள் கண்ணில் படும்படி போட்டால் போதும். அவர்கள் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, ‘நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். அதையும் கொஞ்சம் சீக்கிரம் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஆசாரி தேர் வேலைக்குப் போய்விடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
மதுரை மாவட்டம்.