நோட்டீஸில் உயரத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையம் முதல் மார்த்தாண்டம் வரை எங்கே பார்த்தாலும் கேதார்நாத், முக்திநாத், கயிலாயம், லடாக் பயண நோட்டீஸ்கள். தென்னிந்தியச் சாப்பாடு, ஏசி பஸ், தவணை வசதி எல்லாம் போட்டிருக்கிறார்கள். எந்த இரவு எத்தனை மீட்டர் உயரத்தில் தங்க வைப்பார்கள் என்பதை மட்டும் போடுவதில்லை. உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் உயர்மலை நோய் வருமா வராதா என்பதில் பெரும்பங்கு அந்த எண்ணுக்குத்தான்.

மருந்துவாழ் மலை ஏறினேன், அகத்தியர்கூடம் போய் வந்தேன், மூச்சே வாங்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டாவே 2,637. இந்த நோய் பொதுவாகத் தலைகாட்டுவது 2,500 மீட்டருக்கு மேல் தங்கும்போது. கேதார்நாத் 3,583 மீட்டர், லடாக்கின் லே நகரம் சுமார் 3,500, கயிலாய மலையைச் சுற்றி வரும் பரிக்ரமாவில் வரும் டோல்மா கணவாய் சுமார் 5,630. காற்றில் ஆக்ஸிஜன் எங்கும் 21 சதவீதம்தான். ஆனால் லேயில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு, டோல்மாவில் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது அந்த அளவுக்குக் குறைகிறது. இதற்கு உடம்பு பழக நாள் பிடிக்கும். ஜிம்முக்குப் போகும் 25 வயதுப் பையனுக்கும் இதில் சலுகை கிடையாது. வேகமாக ஏறிவிடுவதால் பல நேரம் முதலில் படுப்பதே அவன்தான்.

கணக்கு எளிது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் இன்று தூங்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் கூடுதலாக ஏறி இறங்குவதில் தவறில்லை. தொல்லை ஏறிய கையோடு தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டரில் போய் தரிசனம் முடித்து உடனே இறங்குகிறவர் பெரும்பாலும் தப்பிவிடுவதும், 'ஒரு ராத்திரி சாமி பக்கத்தில் இருப்போமே' என்று தங்குகிறவர் நடு இரவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் இதனால்தான்.

கன்னியாகுமரியிலிருந்து லடாக்குக்கு பைக்கில் கிளம்பும் தம்பிகள் மணாலி–லே சாலையில் வரும் சர்ச்சுவைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். மணாலி சுமார் 2,050 மீட்டர். மறு இரவே கூடாரம் சர்ச்சுவில், சுமார் 4,290 மீட்டரில். அங்கே படுத்துவிட்டால் இறங்கவும் வழி எளிதல்ல. மணாலி பக்கம் திரும்பினால் 4,890 மீட்டர் பாராலாச்சா கணவாய். லே பக்கம் போனால் அதைவிட உயரமான கணவாய்கள். ஸ்ரீநகர் வழியாகப் போய், சுமார் 2,680 மீட்டரில் இருக்கும் கார்கிலில் ஓர் இரவு தூங்கி லே சேர்வது நல்லது. சேர்ந்தபின் இரண்டு நாள் வண்டியைத் தொடாதீர்கள்.

தலைவலியோடு பசியின்மை, குமட்டல், அசதி, கிறுகிறுப்பு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது உயர்மலை நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பஸ் குலுக்கல், சப்பாத்தி ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாதானம் சொல்வதில் ஒரு நாள் வீணாகும். மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வெடுத்து, பாரசிட்டமால் போட்டு, தாகத்துக்கு ஏற்பக் குடிக்கலாம். பச்சைத் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கிவிடும். ஒரு நாளில் சரியாகவில்லை என்றால் கீழே இறங்க வேண்டும்.

இரண்டு நிலைகளில் விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. ஒன்று, மூளை வீக்கம். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்ட வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே இறக்குங்கள். மற்றது, நுரையீரலில் நீர் கோத்தல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், உதடு நீலம் பாயும், முற்றினால் சளி இளஞ்சிவப்பு நுரையாக வரும். இவரை நடக்க விடக் கூடாது. குதிரை, டோலி, ஆள் முதுகு எதிலாவது இறக்க வேண்டும். 300 மீட்டர் இறங்கினாலே மாற்றம் தெரியத் தொடங்கும்; 1,000 மீட்டர் வரை இறங்க வேண்டியிருக்கலாம். சிலிண்டர் ஆக்ஸிஜன் கிடைத்தால் வழியில் கொடுக்கலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பயணக் கூட்டங்களில் தவறாமல் சொல்லித் தரப்படும் வைத்தியம், கைக்குட்டையில் சூடத்தை முடிந்து மோந்து பார்ப்பது. மூக்கில் குளிர்ச்சி ஏறுவதால் மூச்சு திறந்ததுபோல் இருக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒரு புள்ளிகூட ஏறாது. அதையே வாயில் போட்டு விழுங்கினால் வலிப்பு வரும், குழந்தைகளிடம் கொடுத்தே விடாதீர்கள். கடையில் விற்கும் 10 லிட்டர் ஆக்ஸிஜன் கேனும் பெரிதாக உதவாது. சும்மா இருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று இழுக்கிறார். கேன் எத்தனை நிமிடம் வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உதவும் மாத்திரை அசிட்டசோலமைடு. பெரியவர்களுக்கு 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்றிருக்கும், பயப்பட வேண்டாம். சல்பா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் இரவில் மூச்சை மந்தமாக்கும், இரண்டும் வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் அதைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை உறைந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலைச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு மாட்டுங்கள். நகத்தில் மருதாணியோ பாலிஷோ இருந்தால் எண் மாறலாம். 3,500 மீட்டரில் 85 முதல் 90 சதவீதம் வரை காட்டுவது சகஜம். ஆனால் '90 இருக்கு, ஏறலாம்' என்று தலைவலிக்காரரை ஏற்றிவிடுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல அது.

முன்பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு இரவுக்கும் தங்கும் உயரம் என்ன? ஒருவர் இறங்க நேர்ந்தால் கூடவே இறங்கப் போகும் ஆள் யார், வண்டி யாருடையது? காப்பீடு எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு அதில் சேருமா? கடைசிக் கேள்விக்கான பதிலை பாலிசித் தாளில் நீங்களே படித்துப் பாருங்கள். உயர வரம்பு போட்ட பாலிசிகள் உண்டு.

இப்படிக்கு,
மலையேற்ற வழிகாட்டிகள் சிலர்,
நாகர்கோவில்.