உன் முதல் உயிலைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில் உயில் பற்றிப் பேச்செடுத்தபோது, “அதற்கெல்லாம் இப்போது என்ன அவசரம், அம்மா?” என்று கேட்டாய். அதற்கு எழுத்திலேயே பதில் சொல்வதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது.

உன் தாத்தா பக்கவாதத்தில் படுத்திருந்தபோது, வங்கிப் படிவத்தை அவர் மடியில் வைத்து, பேனா நழுவாமல் அவருடைய விரல்களை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து ஒரு கோடாக இழுபட்டுத் தாளின் ஓரத்தில் போய் நின்றது. கையெழுத்துப் பொருந்தவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. மருத்துவச் செலவுக்கு வேண்டிய பணம் அவர் கணக்கில் இருந்தும், எங்களால் அதைத் தொட முடியவில்லை. அவர் உயிலைக் குறையில்லாமல் எழுதி வைத்திருந்தார்; ஆனால் உயில் எழுதியவர் இறந்த பிறகுதான் செல்லுபடியாகும். உயிரோடு இருந்தும் முடிவெடுக்க இயலாத காலத்துக்கு வேறொரு பத்திரம் வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே, சொத்து ஏற்பாட்டைக் கடைசிக் காலத்து வேலையாக ஒதுக்கி வைக்காதே. தனியாளாகச் சம்பாதிக்கத் தொடங்கும்போது கணக்குகளின் பட்டியலும் நாமினியின், அதாவது நமக்குப் பின் பணத்தைப் பெறுவதற்காக நாம் குறித்துக் கொடுப்பவரின், பெயரும் இருந்தாலே பெரும்பாலும் போதும். திருமணத்துக்குப் பிறகு அந்தப் பெயர்களை மீண்டும் பார்க்க வேண்டும். எனக்குத் திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் என் காப்பீட்டில் என் அம்மாவின் பெயரே நாமினியாக இருந்தது. அவர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். உயிலில் என்ன எழுதினாலும் நாமினிப் பதிவு தனி வழியில் போகும். அந்தப் பெயருக்குரியவர் பணத்துக்கு உரிமையாளரா, வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்பவர் மட்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கிலாந்து போன்ற நாடுகளில் திருமணமே முன்பு எழுதிய உயிலைப் பொதுவாக ரத்தாக்கிவிடும். நீ வாழும் நாட்டின் சட்டத்தை அங்குள்ள ஒரு வழக்கறிஞரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்.

உன் இப்போதைய நிலைமைக்குப் பணத்தைவிடப் பெரிய விஷயம் குழந்தை. நீங்கள் இருவரும் ஒருசேர இல்லாமல் போனால் அவளை யார் வளர்ப்பது என்பதை நீங்கள் எழுதி வைக்காவிட்டால், உங்களை அறியாத ஒரு நீதிபதி அதை முடிவு செய்ய வேண்டிவரும். எழுதி வைத்தாலும் குழந்தையின் நலனைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். ஆனாலும் பெற்றோர் குறித்த பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. வளர்ப்பவரும் பணத்தைக் காப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. அன்பு நிறைந்த ஒருவருக்குக் கணக்கு வழக்கு வராமல் போகலாம். முழுச் சொத்தும் 18 வயதில் அவள் கைக்குப் போகாமல், படிப்புக்கு வேண்டியதை அவ்வப்போது கொடுத்து, மீதியை 25 வயதில் ஒப்படைக்கும்படி ஒரு டிரஸ்ட் மூலம், அதாவது அவளுக்காகச் சொத்தை வேறொருவர் பொறுப்பில் வைத்து, ஏற்பாடு செய்யவும் பல நாடுகளில் வழியுண்டு. யாரை எழுதினாலும் முதலில் அவரிடம் சம்மதம் கேள். பாசத்தால் என் பெயரை எழுதிவிடாதே. அவள் கல்லூரிக்குப் போகும்போது எனக்கு எண்பது வயதாகியிருக்கும்.

ஒருமுறை எழுதியதோடு வேலை முடிந்துவிடாது. ஆல்ஃபிரட் நோபல் 1889, 1893, 1895 என மூன்று முறை உயில் எழுதினார். நாம் அறிந்த நோபல் பரிசுகள் அந்த மூன்றாவது உயிலிலிருந்து வந்தவை. பரிசுகளை வழங்க வேண்டிய நிறுவனங்களிடம் அவர் முன்கூட்டிக் கேட்கவில்லை. உறவினர் சிலர் எதிர்த்தார்கள். 1896இல் அவர் இறந்தும் முதல் பரிசு 1901இல்தான் வழங்கப்பட்டது. அத்தனை தெளிவான எண்ணம் கொண்டவருடைய உயிலுக்கே, உரியவர்களிடம் முன்பே சொல்லி வைக்காததால் இவ்வளவு இழுபறி நேர்ந்தது. அதனால்தான் என் உயிலில் இருப்பதை உனக்கும் உன் தம்பிக்கும் ஒரே நாளில், ஒரே வார்த்தைகளில் சொல்லப்போகிறேன்.

என் வயதுக்குரிய வேலையை நான் தொடங்கிவிட்டேன். எனக்குப் பதிலாக வங்கியிலும் மருத்துவமனையிலும் முடிவெடுக்கும் உரிமையை இப்போதே, நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிக் கொடுக்க விரும்புகிறேன். அந்த உரிமையைத் தரும் சாதாரண அதிகாரப் பத்திரம் பல நாடுகளில், எழுதிக் கொடுத்தவர் முடிவெடுக்கும் மனத்திறனை இழந்ததும் செல்லாமல் போய்விடும். எனவே அதன் பிறகும் நீடிக்கும் வகைப் பத்திரம் இங்கே செல்லுமா, செல்லாவிட்டால் வேறு என்ன வழி என்று வழக்கறிஞரிடம் கேட்டிருக்கிறேன். என் சொத்தில் பங்கு பெறாத இருவரை, அதுவும் என்னைவிட இளையவர்களை, உயிலுக்குச் சாட்சிகளாகத் தேர்ந்திருக்கிறேன்.

மூலப் பத்திரங்கள் என் அலமாரியின் இரண்டாம் தட்டில், பழுப்பு உறையில் இருக்கின்றன. கடன் விவரமும் அதில் உண்டு. சாவி உன் தம்பியிடம் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைக்காக யாரை நினைத்திருக்கிறீர்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எனக்குச் சொல்.

என்றும் அன்புடன்,
அம்மா