பிரிகேட் தெருச் சந்துகள்

அன்புள்ள கண்ணு,

ஈரோடு வந்து பத்து நாளாகிறது. அம்மா ஸ்வெட்டர்களை மடித்துப் பரணில் போட்டுவிட்டாள். எனக்கு மட்டும் நீ இருக்கும் அந்த இங்கிலாந்து ஊர், லீட்ஸ், இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நீ வேலைக்குப் போனபின் நான் எங்கெல்லாம் சுற்றினேன் என்று விவரமாகச் சொன்னதே இல்லை. நீ களைத்துப் போய் வருவாய், சாப்பிட்டதும் படுத்துவிடுவாய். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பிரிகேட் தெருவில் கடைகளுக்கு நடுவே ஒடுக்கமான சந்துகள் இருக்கிறதே, கவனித்திருக்கிறாயா? 1207-இல் அந்தத் தெருவை அமைத்தபோது, முகப்பு குறுகலாகவும் பின்பக்கம் நீளமாகவும் மனை பிரித்திருக்கிறார்கள். ஊர் பெருகப் பெருக, அவரவர் மனைக்குப் பின்னால் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். எண்ணூறு வருடமாகியும் அந்த மனைக்கோடுகள் அழியவில்லை.

1715-இல் தொடங்கிய ஒயிட்லாக்ஸ் பப் அப்படி ஒரு சந்துக்குள்தான் இருக்கிறது. நம் ஊரில் பார் இருக்கும் தெருவில் நடக்கவே யோசிப்போம் அல்லவா? அந்தத் தயக்கத்தில் சந்து வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் நல்ல மழை, உள்ளே போய்விட்டேன். ரயில்பெட்டி மாதிரி நீளமான கூடம். எங்கு பார்த்தாலும் பித்தளை, பளிங்கு, பழைய நிலைக்கண்ணாடிகள். ஒரு பாட்டி தன் மகளோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஜூஸ் கேட்டேன். யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. மழை விட்டபிறகும் எழுந்து வர மனமில்லை.

நாற்பது வருடம் ஜவுளியில் இருந்தவன் இல்லையா, இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முந்நூறு வருடத்துக்கு முன் அந்தத் தெருவேதான் துணிச் சந்தை. சுற்றுவட்டார நெசவுக்காரர்கள் விடியும் முன்பே துணியோடு வந்து, சந்தை மணி அடிக்கும்வரை அங்கிருந்த விடுதிகளிலும் பப்புகளிலும் காத்திருப்பார்களாம். மணி அடித்ததும் தெருவில் பலகை போட்டுத் துணியை விரிப்பார்கள். பக்கத்துக் கடைக்காரனுக்குக் கேட்காதபடி விலையைக் காதோடு காதாகப் பேசி, ஒரு மணி நேரத்துக்குள் வியாபாரத்தை முடித்துவிடுவார்கள். திங்கள் ராத்திரி நம் சந்தைக்கு வந்து, லுங்கிக் கட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கும் லீட்ஸ் புரிந்திருக்கும்.

தார்ன்டன்ஸ் ஆர்கேடும் ஒரு பழைய விடுதி இருந்த மனைதான். 1878-இல் அதற்குக் கண்ணாடிக் கூரை போட்டு, இருபுறமும் கடை வைத்தார்கள். உள்ளே ஒரு கடிகாரம், ராபின் ஹூட் பொம்மையெல்லாம் நிற்கும். அது மணி அடிப்பதைப் பார்க்கவே நான் இரண்டு தடவை போனேன். அப்புறம் கிர்கேட் மார்க்கெட். நீ சட்டை வாங்கும் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் இருக்கிறதே, 1884-இல் மைக்கேல் மார்க்ஸ் அந்த மார்க்கெட்டில் எதை எடுத்தாலும் ஒரு பென்னி என்று போட்ட கடையிலிருந்து வளர்ந்ததுதான்.

கண்ணு, மூன்று வருடமாக நீ இருக்கும் ஊர் இது. சனிக்கிழமை முழுக்க அறையிலேயே கிடந்து, போனில் சாப்பாடு வரவழைத்துக்கொள்வதைப் பார்த்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த வாரம் ஆபீசில் யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. பிரிகேட்டில் ஏதாவது ஒரு சந்தில் நுழைந்து, அது எங்கே போய் முடிகிறதென்று பார். நான் எல்லாவற்றிலும் நுழைந்து பார்ப்பதற்குள் ஊருக்குக் கிளம்பும் நாள் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது எந்தச் சந்தில் போனாய் என்று சொல்.

அன்புடன்,
அப்பா