அருவியும் வேண்டாம், டெல்லியும் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

நானும் அப்பாவும் உன்னிடம் வருவதற்கு நேற்று ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று விமான டிக்கெட் ஸ்கிரீன்ஷாட்டையும் பார்த்தேன். ஃபோனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், அதனால்தான் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். நீளமாகத்தான் வரும். ஆபீஸுக்கு ரயிலில் போகும்போது படி.

முதல் படத்தில் இருப்பது நீ 2024 மார்ச்சில் போட்ட அதே வழி: திருச்சி, கோலாலம்பூர், மெல்பர்ன், இரண்டு தனித்தனி டிக்கெட். இரண்டு பேருக்கும் போய்வர 92,000. இரண்டாவது சிங்கப்பூர் வழியாக, ஒரே டிக்கெட், 1,18,000. மூன்றாவது டெல்லிக்குப் போய் அங்கிருந்து நேரே மெல்பர்ன், 1,90,000. நீ முதலாவதில் பச்சை டிக் போட்டு "26 ஆயிரம் மிச்சம்மா" என்று எழுதியிருக்கிறாய். அந்த மிச்சத்தைப் பற்றித்தான் பேச வேண்டும், ஏனென்றால் போன தடவை நான் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன், உன்னிடம் காட்டவில்லை.

அப்போது குழந்தை பிறந்த சந்தோஷத்தில் எதுவும் சொல்ல மனசு வரவில்லை. இப்போது சொல்கிறேன். காலையில் கோலாலம்பூர் போய் இறங்கினோம். அடுத்த விமானம் ராத்திரி. இடையில் 15 மணி நேரம், அதுவும் இறங்கியது முதல் டெர்மினல், ஏற வேண்டியது இரண்டாவது டெர்மினல். ஒரே டிக்கெட்டாக இருந்தால் இரண்டு விமானக்காரர்களும் சம்பந்தி வீட்டார் மாதிரி, ஒருத்தருக்கொருத்தர் பதில் சொல்லியாக வேண்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டால் வேறொன்றில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு, பெட்டியும் தானாகவே ஊர் போய்ச் சேரும். தனித்தனி டிக்கெட் என்றால் முன்பின் தெரியாதவர்கள். அதனால் நாங்கள் இமிக்ரேஷன் வரிசையில் நின்று மலேசியாவுக்குள் நுழைந்து, நாலு பெட்டியையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறி இரண்டாவது டெர்மினல் போனோம். நல்லவேளை, இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டாம் என்று ஆக்கியிருந்தார்கள், நீயும் அந்த ஆன்லைன் படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தாய். ரயில் மூன்றே நிமிஷம்தான், ஆளுக்கு 2 ரிங்கிட். அந்த மூன்று நிமிஷத்துக்கு ஏற இறங்க, லிஃப்ட் தேட, பெட்டி எண்ண எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அதற்கப்புறம்தான் கதையே. பெட்டி வாங்கும் கவுன்ட்டரைச் சாயங்காலம்தான் திறப்போம் என்றுவிட்டார்கள். பெட்டியைக் கொடுக்காமல் உள்ளே போக முடியாது. ஆக, தள்ளுவண்டியில் ஏற்றிய நாலு பெட்டிக்கும் காவலாக வெளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் பாத்ரூம் போனால் அப்பா காவல், அப்பா போனால் நான். படுக்கலாம் என்றால் நாற்காலிக்கு நாற்காலி நடுவில் இரும்புக் கை வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கிய படுக்கை ஹோட்டல் ஒன்று உண்டு. போய் எட்டிப் பார்த்த அப்பா, "உயிரோடு இருக்கும்போதே இதுக்குள்ள படுக்க வேண்டாம்" என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டார்.

அப்பாவின் இன்சுலின்தான் என்னைப் பயமுறுத்தியது. ஐஸ் பை நடுப்பகலில் வெதுவெதுவென்று ஆகிவிட்டது. ஒரு காபிக் கடையில் கேட்டு ஐஸ் வாங்கி பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தேன். எப்போது போடுவது என்பதிலும் குழப்பம். அப்பா கைக்கடிகாரத்தில் நம்மூர் நேரம், சுவரில் இரண்டரை மணி நேரம் முன்னால் மலேசியா நேரம், ஃபோனில் நீ வைத்துவிட்ட மெல்பர்ன் நேரம். கடைசியில் "பசிக்கும்போது போடுவோம்" என்று முடிவு செய்தோம். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

நல்லதும் ஒன்று நடந்தது, மறைக்கக் கூடாது. தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண், ஈப்போ பக்கம் ஊராம், எங்களைப் பார்த்துவிட்டுத் துடைப்பானை நிறுத்திவைத்து "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். காலைச் சாப்பாட்டுக்கு அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த ஊரை மன்னித்தேன். எந்தக் கடையில் விலை குறைவு என்று காட்டியவளும் அவள்தான். இன்னொன்று, நீ சிரிக்கக் கூடாது: கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் முழுக்க யாருக்கும் சமைக்காமல், யாரும் "காபி" என்று கேட்காமல் நான் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். அதனால் எனக்கு மட்டும் என்றால் முதல் டிக்கெட்டே போதும், ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

இப்போது கணக்கு. போன தடவை மிச்சம் 22,000 என்றாய். முதல் டிக்கெட்டுக்குப் போட்ட பெட்டி எடை இரண்டாவதற்குச் செல்லாது, அதற்குத் தனியாகக் கட்டினாய். கைப்பை 7 கிலோவுக்கு மேல் போனதற்குக் கவுன்ட்டரில் அப்பா கார்டைத் தேய்த்தார். சோறு, காபி, தண்ணீர், விமானத்துக்குள் வாங்கிய நூடுல்ஸ் எல்லாவற்றையும் கூட்டினால் 22,000-இல் கையில் நின்றது ஏழாயிரத்துச் சொச்சம். மெல்பர்னில் வந்து இறங்கியபோது அப்பா கால் செருப்புக்குள் நுழையவில்லை, ஞாபகம் இருக்கிறதா? குழந்தையைப் பார்க்க வந்த மனுஷன் முதல் நாலு நாள் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். அதை எந்தக் கணக்கில் எழுத?

சரி, அதற்காக டெல்லி டிக்கெட்டைப் போடாதே. மருமகள் "அத்தை மாமா கஷ்டப்படக் கூடாது, நேர் விமானமே போடு" என்று சொன்னதாக எழுதியிருந்தாய். நல்ல மனசு, ஆனால் தெற்கே இருக்கிற ஊருக்குப் போக வடக்கே டெல்லிக்குப் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதானே. டெல்லியிலும் இறங்கி ஏறத்தான் வேண்டும். அப்புறம் பன்னிரண்டு மணி நேரம் போல ஒரே உட்காரல், அப்பா முழங்காலுக்கு அது ஆகாது. நடுவில் ஒரு தடவை இறங்கி நடந்தால் அவருக்கு நல்லது என்றுதான் டாக்டரும் சொல்கிறார். விமானம் மாறுவதைப் பற்றி எனக்குக் குறையே இல்லை, எவ்வளவு நேரம், இமிக்ரேஷனுக்கு உள்ளேயா வெளியேயா உட்காருவது என்பதுதான் விஷயம்.

ஆக, இரண்டாவது படம். சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம், அங்கிருந்து மெல்பர்ன் ஏழரை. பெட்டியைத் திருச்சியிலேயே கொடுத்துவிட்டால் உன் ஊரில் எடுத்துக்கொள்ளலாம், இமிக்ரேஷன் வரிசை கிடையாது. அதிலேயே இரண்டு இருந்ததைக் கவனித்தாயா? ஒன்று ஒன்றேகால் மணி இடைவெளி, இன்னொன்று நாலரை மணி. ஒன்றேகால் மணி விலை குறைவு என்று அதைத் தொட்டுவிடாதே. சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டில் கேட் வாசலில்தான் பையைச் சோதிப்பார்கள், அங்கே பெல்ட்டைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலைக் கொட்டி, இன்சுலினுக்கு டாக்டர் சீட்டு காட்டி முடிப்பதற்குள் அப்பாவுக்கு வேர்த்துவிடும். நாலரை மணிதான் சரி: ஒரு சாப்பாடு, ஒரு நடை, ஒரு குட்டித் தூக்கம். எதிர்வீட்டு அக்கா அங்கே 40 மீட்டர் அருவி இருக்கிறது, ஃபோட்டோ எடுத்து வா என்கிறாள். அது இமிக்ரேஷனுக்கு வெளியே இருக்கிறது, நாங்கள் வெளியே போகப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

பருப்புப்பொடி, எள்ளுப்பொடி கொண்டுவருகிறேன், மெல்பர்னில் இறங்கும்போது கொடுக்கும் கார்டில் உணவு இருக்கிறது என்று எழுதியும் காட்டுவேன். கறிவேப்பிலை கேட்காதே, போன தடவை ஏர்போர்ட் மோப்ப நாய் என் பை பக்கத்தில் உட்கார்ந்தது போதும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரு தடவை எனக்கு அனுப்பு, அப்பா பெயரில் இனிஷியல் எப்போதும் முன்னும் பின்னும் மாறுகிறது. அப்படியே அவருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடு. அவரிடம் சொல்ல வேண்டாம். இப்போதே சொன்னால் "நான் என்ன கிழவனா" என்று மூன்று வாரம் பேசமாட்டார். நாற்காலி வந்து நிற்கும்போது நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா