மாதிரி ரயில் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் நம் சங்கம் ஆற்றிய பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்கள் தங்கள் முதல் லேஅவுட்டை, அதாவது பலகைமேல் அமைக்கும் மாதிரி ரயில் பாதையை, கட்டி முடித்த பணிக்கே ஒதுக்க விரும்புகிறேன். நம் சங்கத்தில் ஒரு தொடக்கநிலைக் குழு எடுத்த வேலையை அதே ஆண்டில் முழுமையாக முடித்திருப்பது இதுவே முதல் முறை.

முந்தைய ஆண்டுகளில் நடந்ததை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். புதியவர் ஒருவர் வட்டமாக ஓடும் மாதிரி ரயில் தொகுப்பு ஒன்றோடு வருவார். இரட்டைப் பாதை, மேம்பாலம், சுரங்கம், பெரிய சந்திப்பு நிலையம் என எல்லாம் கொண்ட வரைபடத்தைக் காட்டுவார். பிளைவுட் வாங்குவார், மரச்சட்டம் அடிப்பார், பாதித் தண்டவாளம் இடுவார். அதற்குமேல் வேலை நகராது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் லேஅவுட்டில் ஒரு ரயில்கூட முழுச் சுற்று ஓடவில்லை. அவர்களிடம் ஆர்வம் குறைவாக இருந்ததில்லை. பத்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கே பல மாதங்கள் பிடிக்கும் வேலையை முதல் வேலையாக எடுத்துக்கொண்டதுதான் காரணம் என்று செயற்குழு கருதியது. முதல் லேஅவுட் சிறியதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு கைவேலையையும் ஒருமுறையாவது செய்துபார்க்க இடம் தர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக முடிந்து ஓட வேண்டும் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்தோம்.

அளவுவிகிதத்தைத் தேர்வதில் முதல் இரண்டு கூட்டங்கள் கழிந்தன. அந்த நேரம் வீணாகவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். எச்.ஓ. (HO) என்னும் அளவு 1:87, அதாவது உண்மை ரயிலில் 87இல் ஒரு பங்கு; அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. எண்ணளவில் சொன்னால் இது எளிதாகத் தெரியும். ஆனால் 24 மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி எச்.ஓ.வில் ஏறக்குறைய 27.5 செ.மீ. வரும். நான்கு பெட்டிகளும் ஓர் எஞ்சினும் நிற்க நடைமேடையே 1.3 மீட்டர் வேண்டும். அதே பெட்டி 1:160 விகிதமுள்ள 'என்' (N) என்னும் அளவில் 15 செ.மீ. மட்டுமே. அதன் தண்டவாள இடைவெளி 9 மி.மீ. இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, காகிதப் பட்டைகளைப் பெட்டிகளின் நீளத்துக்கு வெட்டித் தரையில் வரிசையாக வைத்துக் காட்டியது நல்ல பயன் தந்தது. வரைபடத்தில் தாராளமாகத் தெரிந்த நிலையம் தரையில் அறையின் ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது.

வளைவுகளுக்கும் இதே கணக்குதான். தொடக்கநிலைத் தொகுப்புகளில் வரும் எச்.ஓ. வளைவு ஏறத்தாழ 45 செ.மீ. ஆரம் கொண்டது. அதை 87ஆல் பெருக்கினால் உண்மை அளவில் 39 மீட்டர். நெடும்பாதையில் ஓடும் நீண்ட பெட்டி எதுவும் அப்படியொரு வளைவில் திரும்ப முடியாது. மாதிரியில் திரும்புகிறது என்றால், பெட்டிகளை இணைக்கும், தாராளமாக அசையும் கப்ளிங்குகளும், பெட்டியின் அடியில் நன்றாகச் சுழலும் போகிகள் என்னும் சக்கரச் சட்டங்களும்தான் காரணம். மேம்பால ஆசையும் கணக்குப் போட்டதும் விலகியது. கீழே செல்லும் பாதைக்கு மேலே எச்.ஓ.வில் குறைந்தது 7.5 செ.மீ. உயரம் வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்ற சரிவில் அந்த உயரத்தை எட்ட 3.75 மீட்டர் பாதை தேவை. இறங்கவும் அதே நீளம் வேண்டும். நூற்றுக்கு மூன்று என்று வைத்தாலும் ஏறுவதற்கு மட்டும் 2.5 மீட்டர். அவ்வளவு நீளமான மேசை நம்மிடம் இல்லை.

முடிவில் குழு தேர்ந்தெடுத்தது ஆலன் ரைட் என்ற ஆங்கிலேய மாதிரி ரயில் கலைஞர் வகுத்த இங்கில்நுக் என்னும் ஷண்டிங் அமைப்பை, அதாவது வேகன்களைப் பிரித்தும் கோத்தும் வரிசைப்படுத்தும் அமைப்பை. மூன்று பக்கத் தடங்களும் ரயிலைத் தடம் மாற்றிவிடும் இரண்டு பாயிண்டுகளும் போதும். ஒரு தடத்தில் ஐந்து வேகன்கள் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் முனைத்தடத்தில் எஞ்சினோடு மூன்று வேகன்கள் மட்டுமே அடங்கும். மொத்தம் எட்டு வேகன்கள். அவற்றில் ஐந்தைக் குலுக்கல் முறையில் எடுத்து, குலுக்கில் வந்த அதே வரிசையில் கோத்து நிறுத்த வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையோடு அமைக்க 6,720 வழிகள் உள்ளன. ஆகவே எத்தனை மாலைகள் விளையாடினாலும் சலிக்காது. நான்கு சக்கரக் குட்டை வேகனைக் கப்ளிங்கோடு சேர்த்து 9 செ.மீ. என்று கொண்டால், ஐந்துக்கு 45 செ.மீ., இரண்டு பாயிண்டுகளுக்கு 36 செ.மீ., முனைத்தடத்துக்கு 39 செ.மீ. வேண்டும். இரு முனைகளிலும் சற்று இடம் விட்டு, 140 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள ஒரே பலகையில் முழு அமைப்பும் அடங்கியது. பலகையின் எந்த மூலைக்கும் கை எளிதாக எட்டுகிறது என்பதும் இதில் ஒரு நன்மை. அகலமான மேசையின் நடுவில் தடம் புரண்ட வேகனை எடுக்கப்போய் நான்கு மரங்களைச் சாய்த்தவர்கள் நம்மிடையே உள்ளனர்.

அடிப்பலகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 9 மி.மீ. பிளைவுட், அடியில் குறுக்குச்சட்டங்கள், ஓசையைக் குறைக்க மேலே தக்கைத் தகடு. சட்டத்துக்கு ஈரம் உலராத மரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். மரம் முறுக்கிக்கொண்டால் அதன்மேல் உள்ள தண்டவாளமும் முறுக்கிக்கொள்ளும்.

தண்டவாளம் இட்ட விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஆண்டு நாங்கள் கற்றவற்றில் பெரும்பகுதி அங்கேதான் கிடைத்தது. இட்டு முடித்த மூன்றாம் வாரம், ஒரே வேகன் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தடம் புரண்டது. சக்கரத்தை மாற்றினோம், எடை சேர்த்தோம், வேகத்தைக் குறைத்தோம், பயனில்லை. பிறகு இளைய உறுப்பினர் ஒருவர் கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்தி, விரல் நகத்தைத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். இணைப்பு ஒன்றில் நகம் தட்டி நின்றது. தண்டவாளத்தின் அடி, இணைப்புத் தகட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேறி உட்கார்ந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. உயரம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் சக்கரத்தின் விளிம்பே ஒரு மில்லிமீட்டர் அளவுதானே! கழற்றித் திரும்பச் செருகினோம். அதற்குப் பிறகு அந்த வேகன் அங்கே ஒருமுறையும் புரளவில்லை. அன்று முதல், இணைப்பு எல்லாவற்றையும் நகத்தால் தடவிப் பார்த்த பிறகே அடுத்த துண்டை இடுவது என்பது குழுவின் வழக்கமாயிற்று.

மற்றொரு தவறு சிறு ஆணிகளால் வந்தது. தண்டவாளங்களைத் தாங்கும் குறுக்குக்கட்டையான ஸ்லீப்பரின் நடுவில் ஆணியை அளவுக்கு மீறி அடித்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் நடுவில் குழிந்து, இரு தண்டவாளங்களும் உள்நோக்கிச் சாய்ந்து, இடைவெளி குறுகிவிடுகிறது. ஆணியின் தலை ஸ்லீப்பரைத் தொட்டதும் சுத்தியலை நிறுத்திவிட வேண்டும். அமெரிக்காவில் 1935இல் தொடங்கப்பட்ட தேசிய மாதிரி ரயில் சங்கம் வகுத்த தரத்தின்படி செய்த அளவுத்தகடு ஒன்று நம்மிடம் இருந்திருந்தால், இதை முதல் நாளே கண்டிருப்போம். அத்தகைய தகடு ஒன்றை வாங்க அனுமதிக்குமாறு இப்பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

மின் இணைப்பில் எளிய வழியே போதும் என்று முடிவு செய்தோம். அதே அமெரிக்கச் சங்கம் 1990களில் தரப்படுத்திய டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில், ஒரே தடத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனியே இயக்கலாம். ஓர் எஞ்சின் மட்டும் ஓடும் ஷண்டிங் பலகைக்கு அது இன்றியமையாததன்று; 12 வோல்ட் நேர்மின்சாரக் கண்ட்ரோலரே போதுமானது. ஆனால் இணைப்புத் தகடுகள் மின்சாரத்தைக் கடத்திக்கொள்ளும் என்று நம்பியிருக்கக் கூடாது. நாளடைவில் அவை தளர்ந்து துருவேறும். ஆகவே ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியே ஒயர் பற்றவைத்தோம். பின் தண்டவாளத்துக்குச் சிவப்பு, முன் தண்டவாளத்துக்குக் கருப்பு என்று விதி வைத்திருந்தும், ஓரிடத்தில் சிவப்பு ஒயர் முன் தண்டவாளத்தில் பற்றவைக்கப்பட்டுவிட்டது. சுவிட்சைப் போட்டதும் கண்ட்ரோலர் தன்னைத்தானே துண்டித்துக்கொண்டது. எல்லா ஒயர்களையும் கழற்றி ஒவ்வொன்றாகத் தேடாமல், பாதி ஒயர்களைக் கழற்றிச் சோதித்து, கோளாறு எந்தப் பாதியில் இருக்கிறது என்று அறிந்து, அதையும் இரண்டாகப் பிரித்துத் தேடியதால் நான்காவது சோதனையில் பிடிபட்டது. இம்முறையைப் புதியவர்கள் அனைவரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

பாயிண்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் மூக்குப்பகுதி பிளாஸ்டிக்காக இருந்தால், குட்டையான எஞ்சின் அங்கே மின்சாரம் இழந்து நின்றுவிடும். மெதுவாக ஓட்ட வேண்டிய ஷண்டிங்கில் இது பெருந்தொல்லை. உலோக மூக்குள்ள பாயிண்டுகளை வாங்கியதும், மூக்கிலிருந்து புறப்படும் இரு தண்டவாளங்களிலும் மின்கடத்தா இணைப்புகளைச் செருகியதும் சரியான முடிவுகள் என்றே கருதுகிறேன்.

வேகன்களின் எடையையும் சீர்செய்தோம். மேற்சொன்ன சங்கத்தின் பரிந்துரை, எச்.ஓ. வேகனுக்கு அடிப்படையாக ஓர் அவுன்ஸும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும் என்பது. அதாவது 28 கிராமோடு அங்குலத்துக்கு 14 கிராம் வீதம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் வேகன்களில் பெரும்பாலானவை இதைவிட இலேசானவை. உள்ளே உலோக வில்லைகளை ஒட்டிய பிறகு, பின்னோக்கித் தள்ளும்போதும் நிலையாக ஓடின.

ஜல்லி இட்ட நாளில் ஒரு வருத்தமான நிகழ்வு. ஜல்லியைத் தூவி, தூரிகையால் ஸ்லீப்பர்களுக்கு இடையே சீராகப் பரப்பி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி கலந்த நீரைப் பனிபோலத் தெளித்து, சம அளவு நீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டு சொட்டாக விடும் முறையையே பின்பற்றினோம். சோப்பு கலந்த நீர் முதலில் நனைப்பதால் பசை உருண்டுபோகாமல் உள்ளே இறங்குகிறது. ஆனால் பாயிண்டு ஒன்றின் நகரும் நாக்குகளுக்கு அடியில் பசை கசிந்து, மறுநாள் அது அசைய மறுத்தது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, காகிதப் பட்டையை நுழைத்து நுழைத்து ஒரு மாலை முழுவதும் செலவிட்டுத்தான் விடுவிக்க முடிந்தது. பாயிண்டின் அருகே பசையைக் குறைத்து, அது உலரும்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாக்குகளை இருபுறமும் அசைத்துக்கொண்டே இருந்தால் இந்தத் துன்பம் நேராது.

தண்டவாளத்தைத் துடைக்க மணல்தாள் பயன்படுத்தும் பழக்கத்தை அனைவரும் விட்டுவிட வேண்டும். அது விடும் நுண்ணிய கீறல்களில் அழுக்கு முன்னிலும் வேகமாகப் படியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியே போதும்.

பலகை முழுமையடைந்த மாலையில், எட்டு அட்டைகளைக் குலுக்கி ஐந்தை எடுத்து, முதல் வரிசையைக் கோக்க முற்பட்டோம். எஞ்சின் பாயிண்டின் மூக்கில் நிற்காமல் ஊர்ந்து சென்றது. மூன்றாவது வேகன் இணைந்தபோது கப்ளிங்கிலிருந்து எழுந்த மெல்லிய 'டிக்' என்ற ஓசையைக் கேட்க அறையில் அனைவரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த வரிசையைக் கோக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இன்று அதே உறுப்பினர்கள் பத்து நிமிடங்களுக்குள் முடிக்கிறார்கள்.

வரும் ஆண்டில், இந்தப் பலகையின் முனைத்தடத்தை நீட்டி இரண்டாவது பலகையோடு இணைக்கவும், அதில் ஒரு சிறு நிலையம் அமைக்கவும் தொடக்கநிலைக் குழு அனுமதி கோருகிறது. பலகைகள் இரண்டும் பொருந்தும் இடத்தில் தண்டவாளங்கள் மில்லிமீட்டர் பிசகாமல் நேர்ப்பட வேண்டியிருப்பதால், முளையும் துளையும் கொண்ட உலோக இணைப்பான்களை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது. புதிதாகச் சேருபவர்கள் இந்த இரண்டாவது பலகையில் நேரடியாகச் சேராமல், தாங்களே ஓர் இங்கில்நுக் பலகையைக் கட்டிய பிறகு சேர வேண்டும் என்பது என் பரிந்துரை. இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன்.

பற்றவைப்புக் கருவிகளைத் தாமாகவே கொண்டுவந்து கற்றுக்கொடுத்த மூத்த உறுப்பினர்களுக்கும், பிழை நேர்ந்தபோது மறைக்காமல் சொன்ன புதிய உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. பலகை பின்மேசையில் மின் இணைப்போடு தயாராக உள்ளது. எட்டு அட்டைகளும் அதன் அருகிலேயே இருக்கின்றன. தீர்மானங்கள் நிறைவேறிய பின், விரும்புவோர் ஓட்டிப் பார்க்கலாம்.

செயலாளர்